தரவு சேர்க்கும் நிலையத்தை எவ்விடத்தில் நிறுவுதல் வேண்டும்?

நெற்செய்கையாளர்க்கும் மரக்கறிச் செய்கையாளர்க்கும் உரிய விளக்கம்

மண்ணின் ஈரத்தையும், வயலில் நிற்கும் நீரின் உயரத்தையும், காற்றின் வெப்பத்தையும் தாமாகவே அளந்து, கம்பியின் உதவியின்றி வானொலி அலைகள் மூலம் அறிவிக்கும் சிறு கருவிகள் இக்காலத்தில் விலைக்குக் கிடைக்கின்றன. இவை உணர்கருவிகள் எனப்படும். உணர்கருவி ஒவ்வொன்றும் தான் அளந்ததைச் செய்தியாக அனுப்புகின்றது. அச்செய்திகளை ஏற்று, ஒன்றுதிரட்டி, கைத்தொலைபேசிக்கோ கணினிக்கோ அனுப்பிவைக்கும் இடமே தரவு சேர்க்கும் நிலையமாகும்.

கமக்காரர் சிலர் ஒன்றுசேர்ந்து இக்கருவிகளை வாங்க எண்ணும்போது, கருவியின் விலை யாது, எத்தனை கருவிகள் வேண்டும் என்பன பற்றியே பெரிதும் ஆலோசிப்பர். நிலையத்தை எங்கே வைப்பது என்னும் கேள்வி இறுதியிலேயே எழும். மின்சாரம் உள்ள வீடு எதுவோ அங்கே வைத்துவிடலாம் என்று அது எளிதாக முடிக்கப்படுவதும் உண்டு. இது பொருத்தமான முறையன்று. நிலையத்தின் இடம் பிழைத்தால் நல்ல கருவிகளும் சில வாரங்களிற் பயனற்றுப் போகலாம். அதனினும் பெரிய தீங்கு யாதெனில், நிலையத்துக்குத் தொலைவிலுள்ள வயல்களின் நிலை அறியப்படாமற் போவதும், அறியப்படவில்லை என்பதே எவருக்கும் தெரியாமல் இருப்பதுமாகும்.

செய்தி செல்லும் முறை

பற்றரியில் இயங்கும் சிறு கருவியால் தன் செய்தியை நெடுந்தூரம் அனுப்ப இயலாது. வெட்டவெளியில் தூரம் இருமடங்கானால், அதே தெளிவுடன் செய்தி சேர்வதற்கு நான்கு மடங்கு வலு வேண்டும். நிலத்தை ஒட்டியும் பயிருக்கு நடுவிலும் அலைகள் செல்லும்போது இது பதினாறு மடங்கு வரை உயரக்கூடும். ஆகவே பல அமைப்புகளில் ஒரு கருவி தன் செய்தியை அடுத்த கருவிக்குக் கொடுக்க, அது அதற்கடுத்ததற்குக் கொடுக்க, இவ்வாறு கைமாறிக் கைமாறிச் செய்தி நிலையத்தைச் சேரும். சூடடிக்கும் களத்துக்கு நெற்கட்டுகளை ஆள்மாறித் தூக்கிச் செல்வதை இதற்கு ஒப்பாகக் கொள்ளலாம்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. களத்துக்கு மிக அருகில் நிற்பவன் தன் கட்டை மட்டுமன்றி எல்லோருடைய கட்டுகளையும் சுமக்க வேண்டியவனாகிறான். அதுபோல நிலையத்துக்கு அருகிலுள்ள கருவி மற்றெல்லாக் கருவிகளின் செய்திகளையும் கடத்துவதால், அதன் பற்றரியே முதலில் தீர்கின்றது. அது நின்றுவிட்டால், அப்பால் உள்ள கருவிகள் நல்ல நிலையில் இருந்தபோதிலும் அவற்றின் செய்தி நிலையத்தை அடைவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

குளத்துத் துருசிலிருந்து செல்லும் வாய்க்கால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வழியே சம தூரத்தில் 12 உணர்கருவிகள் நடப்பட்டுள்ளன எனவும், ஒவ்வொன்றும் மணிக்கு ஒரு செய்தி அனுப்புகின்றது எனவும், ஒரு கருவியின் செய்தி அதற்கு அடுத்த கருவிவரையே எட்டும் எனவும் கொள்க.

முதலாவதாக, நிலையத்தைத் துருசடியில் வைப்போம். துருசுக்கு அண்மையிலுள்ள முதற் கருவி மணிக்கு 12 செய்திகளை அனுப்ப வேண்டும். ஒரு நாளில் இது 288 ஆகும். கடைசிக் கருவியோ நாளொன்றுக்கு 24 செய்திகளையே அனுப்புகின்றது.

இரண்டாவதாக, நிலையத்தை 6ஆம், 7ஆம் கருவிகளுக்கு இடையில் வைப்போம். இப்போது மிகக் கூடிய சுமையுடைய கருவி மணிக்கு 6 செய்திகளை, அதாவது நாளொன்றுக்கு 144 செய்திகளை அனுப்பும். இடத்தை மாற்றியதனால் மட்டுமே சுமை பாதியாகிவிட்டது.

மூன்றாவதாக, இரண்டு நிலையங்களை வாங்கி, ஒன்றை 3ஆம், 4ஆம் கருவிகளுக்கு இடையிலும், மற்றதை 9ஆம், 10ஆம் கருவிகளுக்கு இடையிலும் வைப்போம். இப்போது மிகக் கூடிய சுமை மணிக்கு 3 செய்திகள், நாளொன்றுக்கு 72. முதல் அமைப்பின் நாலிலொரு பங்கு இது.

கருவி, செய்தி அனுப்பாது காத்திருக்கும் நேரத்திலும் சிறிது மின்னைச் செலவிடுவதால், சுமை நாலிலொன்றானவுடன் பற்றரியின் ஆயுளும் சரியாக நான்கு மடங்காகும் என்று எதிர்பார்த்தல் கூடாது. எனினும் ஆயுள் கூடும் என்பதில் ஐயமில்லை.

வாய்க்காலின் கடைப்பகுதிக்கு நேரும் அநீதி

பற்றரியின் செலவை ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம். இனிக் கூறப்படுவது அதனினும் முக்கியமானது.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் பத்துச் செய்திகளுக்கு ஒன்று தவறுகின்றது என்று வைத்துக்கொள்வோம். துருசடியில் நிலையம் இருப்பின், கடைசிக் கருவியின் செய்தி 12 முறை கைமாற வேண்டும். அக்கருவி அனுப்பும் 100 செய்திகளில் ஏறக்குறைய 28 மட்டுமே நிலையத்தைச் சேரும். முதற் கருவியின் செய்திகளிலோ 90 சேரும். நிலையம் நடுவில் இருந்தால் மிகத் தொலைவிலுள்ள கருவியின் 100 செய்திகளில் 53 சேரும். இரண்டு நிலையங்கள் இருந்தால் 73 சேரும்.

துருசடியில் உள்ள வயல்கள் எப்பொழுதும் முதலில் நீர் பெறுபவை. கடைப்பகுதி வயல்களே முதலில் வெடிப்பவை. நிலையத்தில் வந்து சேர்ந்த செய்திகளை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தால், ஈரமுள்ள வயல்களின் குரலே ஓங்கி நிற்கும். “நீர் போதும்” என்று கருவி காட்ட, துருசு அடைக்கப்படும். கதிர் வெளிவரும் பருவத்தில் நீர் குறைந்தால் மணிகள் பதராகும் என்பதைக் கமக்காரர் நன்கறிவர். சிறுபோகத்தில் முறைவைத்து நீர் பகிரும் இடங்களில், நிலையத்தை வைக்கும் இடம் நீர் கிடைப்பதையும் கிடைக்காமையையும் தீர்மானிக்கும் ஒன்றாகிவிடுகின்றது. ஆதலால் இடத்தைத் தெரிவு செய்யும் கூட்டத்தில் கடைப்பகுதி வயற்காரரும் இருத்தல் வேண்டும்.

இவ்விடயத்தில் இரண்டு விதிகளைக் கைக்கொள்க. முதலாவது, எல்லாக் கருவிகளின் செய்திகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுக்காமல், வாய்க்காலின் தலைப்பகுதி, நடுப்பகுதி, கடைப்பகுதி எனப் பிரித்துப் பார்க்க. இரண்டாவது, ஒரு கருவியிலிருந்து செய்தி வராவிடின், அங்கு யாதொரு குறையுமில்லை என்று கொள்ளாமல், ஆளை அனுப்பிப் பார்க்க.

நடு என்பது எது?

“நடுவில் வைக்க” என்று சொல்வது எளிது. ஆனால் நடு என்பது இரு வகைப்படும். எல்லாக் கருவிகளுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் இடம் ஒன்று. மிகத் தொலைவிலுள்ள கருவிக்கும் இயன்றவரை அண்மையாக உள்ள இடம் மற்றொன்று. ஓரிடத்தில் 9 கருவிகள் நெருங்கியும், 3 கருவிகள் தொலைவில் தனித்தும் இருப்பின், முதல் வகை நடு அந்த ஒன்பதின் பக்கம் சாயும்; இரண்டாம் வகை நடு தனித்த மூன்றையும் கணக்கில் எடுத்து அவற்றின் பக்கம் விலகும். மொத்தச் செலவைக் குறைப்பது நோக்கமாயின் முதலாவதைக் கொள்க. எவர் வயலும் விடுபடாதிருப்பது நோக்கமாயின் இரண்டாவதைக் கொள்க.

இக்கணக்குப் பழையது. தொழிற்சாலையை எங்கே நிறுவினால் பொருள்களை ஏற்றியிறக்கும் செலவு குறையும் என்பதை ஜேர்மனிய அறிஞர் அல்பிரட் வேபர் 1909ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். தொலைபேசி இணைப்பு நிலையங்களை எங்கே வைப்பது என்று ஹக்கிமி என்பவர் 1964ஆம் ஆண்டில் ஆராய்ந்து, வலைபோன்ற பாதையமைப்பில் மொத்தத் தூரம் மிகக் குறையும் இடத்தைப் பாதைகளின் நடுவே தேடவேண்டியதில்லை, சந்திகளிலும் முனைகளிலும் தேடினாற் போதும் என்று நிறுவினார். கமக்காரர்க்கு இதன் பயன் யாதெனில், முதல் வகை நடுவைத் தேடும்போது வாய்க்கால் முழுவதையும் அளந்து திரியாமல், கிளைவாய்க்கால் பிரியும் இடங்களையும் கருவிகள் நிற்கும் இடங்களையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதே.

நிலையங்கள் பலவாயின் கணக்குப் பெருகும். தகுதியான 20 இடங்களிலிருந்து 3 இடங்களைத் தெரிவதற்கு 1,140 வழிகள் உண்டு. 40 இடங்களிலிருந்து 5 இடங்களைத் தெரிவதற்கு 6,58,008 வழிகள் உண்டு. இவ்வளவையும் கையாற் கணக்கிட முடியாது. முதலில் மிகச் சிறந்த ஓரிடத்தைத் தெரிந்து, அதனை அப்படியே வைத்துக்கொண்டு, மீதிக் கருவிகளுக்கு மிகக் கூடிய நன்மை தரும் இரண்டாம் இடத்தைத் தெரிந்து, இவ்வாறு ஒவ்வொன்றாகத் தெரிவதே எளிய வழி. அது எப்பொழுதும் மிகச் சிறந்த விடையைத் தராது. ஆயினும் ஒரு கிராமத்தின் தேவைக்குப் பெரும்பாலும் போதுமானது.

மாளிகாவத்தையிலிருந்து பெறும் பாடம்

கமக்காரர்க்கு எழுதும் இடத்தில் கொழும்பு நகரின் மாளிகாவத்தையைப் பற்றிக் கூறுவது ஏன் என வினவலாம். அங்கே அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் அடியில் வைத்த கருவியின் அலைகள் சுவர்களில் மோதித் தேய்வதைப் போலவே, வாழைத்தோட்டத்திலும் உயர்ந்து வளர்ந்த சோளத்திலும் அலைகள் தேய்கின்றன. மாளிகாவத்தையிலுள்ள ஆர். பிரேமதாச விளையாட்டரங்கு 1986ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இரவு ஆட்டங்களுக்கான விளக்குகள் அங்கே மிக உயரத்தில், மைதானத்தின் பல பக்கங்களிலும் பொருத்தப்பட்டுள்ளன. ஒரே விளக்கைத் தாழ்வாக வைத்தால் ஒவ்வோர் ஆட்டக்காரனின் பின்னும் நீண்ட நிழல் விழும். உயரத்தில், பல பக்கங்களில் வைத்தால் நிழல் குறுகும். நிலையத்துக்கும் இதுவே விதி. உயரம் வேண்டும்; இயலுமாயின் ஒன்றுக்கு மேற்பட்ட திசையும் வேண்டும்.

எவ்வளவு உயரம் என்பதற்குக் கணக்கு உண்டு. கருவிக்கும் நிலையத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் நேர்கோடு தடையின்றி இருந்தால் மட்டும் போதாது. அக்கோட்டைச் சுற்றி, நடுவிற் பருத்தும் இருமுனையிலும் ஒடுங்கியும் உள்ள ஒரு வெளி தேவை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் இயங்கும் கருவி 200 மீற்றர் தொலைவுக்கு அனுப்பும்போது, அவ்வெளியின் நடு ஆரை 2.5 மீற்றர் ஆகும். அதில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 1.5 மீற்றர், தடையின்றி இருத்தல் நன்று. பயிர் 1 மீற்றர் உயரமாயின், கோட்டின் நடுப்பகுதி நிலத்திலிருந்து 2.5 மீற்றர் உயரத்தில் அமைய வேண்டும். வயலிலுள்ள கருவி 1 மீற்றர்க் கம்பத்தில் இருந்தாலும், நிலையம் 4 மீற்றர் உயரத்தில் இருந்தால் இவ்வுயரம் கிடைத்துவிடும். ஒவ்வொரு கருவியையும் உயர்த்துவதை விட நிலையத்தை உயர்த்துவது மலிவு.

433 மெகாஹேர்ட்ஸ் போன்ற நீண்ட அலைகள் இலைகளினூடே நன்கு செல்லும். ஆனால் அவற்றுக்கு அகன்ற வெளி தேவை. அதே 200 மீற்றருக்கு நடு ஆரை ஏறக்குறைய 6 மீற்றர் ஆகும்.

கொழும்பிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியைச் சேர்ந்த கசுன் டி சொய்சா, சமத் கெப்பிட்டியாகம முதலியோர், பொதுப் போக்குவரத்துப் பஸ் வண்டிகளில் உணர்கருவிகளைப் பொருத்தி வீதிகளின் பழுதுகளை அறியும் முறையை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வீதியெங்கும் நிலையங்களை நட்டுவைக்க அம்முறையில் தேவையில்லை. வண்டி தான் செல்லும் வழியெல்லாம் அளந்து சேமித்து, சேகரிப்பு இடத்தை அடைந்ததும் கம்பியின்றி ஒப்படைத்துவிடும். நிலையத்தைத் தேடிச் செய்தி ஓடுவதற்குப் பதிலாக, ஊர்தியே செய்தியைச் சுமந்து செல்கின்றது.

வயலிலும் இதனைக் கையாளலாம். நாளொன்றுக்கு ஒருமுறை மண்ணின் ஈரத்தை அறிந்தாற் போதும் என்னும் மரக்கறித் தோட்டத்தில், நீர் பாய்ச்சச் செல்பவர் சட்டைப்பையில் ஏற்கும் கருவியுடன் வரம்பு வழியே நடந்துவந்தால் எல்லாச் செய்திகளையும் பெற்றுவிடலாம். கருவிகள் ஒன்றுக்கொன்று கடத்தும் சுமை அறவே நீங்கும். ஆனால் வெள்ள எச்சரிக்கை போன்று உடனே அறிய வேண்டியவற்றுக்கு இம்முறை உதவாது. நடப்பவர் ஒருநாள் வராவிட்டால் அன்றைய அளவுகள் அழியாதிருக்கும்படி, கருவியில் சேமிப்பிடம் உண்டா என்பதையும் கேட்டு அறிக.

ஆற்றின் அளவுகோல்கள் கற்பிப்பது

மாளிகாவத்தைக்கு வடக்கே, களனி கங்கையின் நாகலகம் வீதி அளவுகோலில் நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றின் மட்டத்தைப் பார்த்து வருகின்றது. அங்கே காணும் மட்டம் கொழும்பை ஏற்கெனவே அடைந்துவிட்ட நீரைக் காட்டுகின்றது. மேலேயுள்ள கித்துல்கல, கிளென்கோஸ், ஹங்வெல்ல ஆகிய இடங்களின் அளவுகள் இனி வரவிருக்கும் நீரைக் காட்டுகின்றன. 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்தைப் போன்ற காலங்களில், மேலிடத்துச் செய்தி தாமதமின்றி வந்து சேர்வதே உயிரையும் உடைமையையும் காக்கும். இதிலிருந்து மூன்று காரியங்கள் விளங்கும். அளக்கும் இடத்தை, எடுக்க வேண்டிய முடிவைக் கொண்டு தெரிய வேண்டும். சேர்க்கும் இடம், வெள்ளம் வந்தபோதும் இயங்கும் மேட்டுநிலமாக இருக்க வேண்டும். அங்கிருந்து வெளியே செய்தி செல்வதற்குக் கைத்தொலைபேசி அலை தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

பிறநாட்டு அனுபவம்

இந்தியாவில் கர்நாடக மாநிலத்தின் பாவகடைப் பகுதி, மழையை நம்பி நிலக்கடலை பயிரிடும் வறண்ட பூமி. அங்குள்ள சென்னகேசவபுரம் என்னும் கிராமத்தில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சுவிற்சர்லாந்தின் லோசான் நகர்த் தொழில்நுட்பக் கல்லூரியும் சேர்ந்து 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் உணர்கருவி வலையொன்றை அமைத்தன. கருவிகளை நடுமுன்னரே, எவ்வெச் செய்தி தமக்கு வேண்டும் என்று அவ்வூர் உழவரிடம் கேட்டறிந்தனர். இம்முறை பின்பற்றத்தக்கது.

நெதர்லாந்தில் உருளைக்கிழங்கு வயலொன்றில் ஏறக்குறைய 100 கருவிகளுடன் நடத்திய முயற்சி பற்றி 2006ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை, எதிர்பார்த்த தரவில் 100க்கு 2 பங்கே கிடைத்தது எனக் கூறிற்று. கருவிகளை இயக்கும் நிரல்களின் பிழைகளும், போதிய முன்சோதனை இன்மையும் இதற்குப் பெருங்காரணங்கள். அந்நாட்டு உருளைக்கிழங்கு வயல்களில் அலைகளை அளந்தபோது, காற்றில் ஈரம் மிகுந்த இரவிலும் மழையிலும் அவை நன்கு சென்றமை காணப்பட்டது. ஆகவே மாலையிலோ மழைநாளிலோ மட்டும் சோதித்துத் திருப்தியடைதல் கூடாது. நண்பகல் வெயிலிலும் சோதித்தல் வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறை

1. வயற்பரப்பின் படத்தைத் தாளில் வரைந்து, துருசு, வாய்க்கால், வரம்பு, மரம், வீடு, மேடு ஆகியவற்றைக் குறிக்க. கருவிகள் நிற்க வேண்டிய இடங்களையும் குறிக்க.

2. நிலையத்துக்கு ஏற்ற நாலைந்து இடங்களைத் தெரிக. வெள்ளம் ஏறாமை, வெயில் அல்லது மின்சாரம் கிடைத்தல், கைத்தொலைபேசி அலை கிடைத்தல், கால்நடைகளாலும் கள்வராலும் கேடு நேராமை ஆகியவற்றைப் பார்க்க. மின்சாரம் இல்லாத நடு இடத்தைச் சிறு சூரிய மின்தகட்டின் உதவியுடன் பயன்படுத்துவது, மின்சாரம் உள்ள ஓர இடத்தை விடப் பெரும்பாலும் நன்மை தரும்.

3. ஒவ்வோர் இடத்துக்கும், மிகத் தொலைவிலுள்ள கருவியின் செய்தி எத்தனை முறை கைமாறும் என்றும், மிக அருகிலுள்ள கருவி எத்தனை செய்திகளைச் சுமக்கும் என்றும் எண்ணுக. இவ்விரண்டு எண்களும் எங்கே குறைவோ அவ்விடமே தக்கது.

4. அறுவடை முடிந்த வெறுவயலிற் சோதித்து முடிவு செய்தல் கூடாது. பயிர் முழு உயரம் அடைந்தபோது சோதிக்க. அவ்வாறு இயலாதாயின், வெறுவயலில் எட்டிய தூரத்திற் பாதியையே நம்புக.

5. ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது இரண்டு அயற்கருவிகள் எட்டும்படி நடுக. ஒன்று நின்றாலும் மற்றதன் வழியே செய்தி செல்லும்.

6. நிலையத்துக்கு அருகிலுள்ள கருவிகளுக்குப் பெரிய பற்றரியோ சூரிய மின்தகடோ அளிக்க.

7. வானொலி அலை அனுப்பும் கருவிகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் விதிகளுக்கு உட்பட்டவை. அனுமதி பெற்ற கருவிதானா என்று விற்பவரிடம் கேட்டு அறிந்த பின்னரே வாங்குக.

8. நிறுவிய முதல் வாரத்தில், ஒவ்வொரு கருவியிலிருந்தும் வரவேண்டிய செய்தி எத்தனை, வந்தவை எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதுக. மணிக்கொன்றாயின் வாரத்துக்கு 168 வரவேண்டும். அதிற் பாதியும் வராத கருவி இருப்பின், நிலையத்தை நகர்த்துவதா, உயர்த்துவதா, இடையில் ஒரு கருவியைச் சேர்ப்பதா என்று ஆராய்க. இச்சோதனையை ஒவ்வொரு போகத்திலும் பயிர் வளர்ந்தபின் மீண்டும் செய்க.

ஓர் ஏக்கருக்குக் குறைந்த மரக்கறித் தோட்டத்துக்கு இவ்வளவு ஏற்பாடும் வேண்டியதில்லை. இரண்டு மூன்று கருவிகளும், வீட்டுக் கூரையில் உயர்த்தி வைத்த ஒரு நிலையமும் போதும். பலர் சேர்ந்து ஒரே வாய்க்காலில் நீர் பெறும் வயல்களிலேயே இடத்தெரிவு பெருங்காரியமாகின்றது.

கமக்காரர் தம் வயற்படத்துடன் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறுவாராக. பணத்தைக் கொடுத்த பின்னர்க் கேட்பதிலும், கருவியை வாங்குமுன் கேட்பதே நன்று.